மூன்று நிறத்தில் ஒரு காளை

1989-இல் நான் வரைந்து முடித்த ‘பட்டி’ (மாடு அடைக்கும் இடம்) என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தில் மூன்று மாடுகள் நிற்கின்றன. இடப்பக்கம் செங்காவி நிறத்தில் ஒரு கன்று; நடுவில், திமிலும் கழுத்தும் தொடைகளும் கறுத்து, மற்ற உடல் சாம்பல் பூத்த ஒரு காளை; வலப்பக்கம், நுகத்தடி அழுத்திய காய்ப்பைக் கழுத்தில் சுமந்து, ஏறத்தாழ வெள்ளையாகவே நிற்கும் ஓர் எருது. மூன்றுக்கும் முன்னே சாணத்தால் கரைகட்டிய சதுரமான சிறு குளம் ஒன்று இருக்கிறது. மாடுகளைப் பக்கவாட்டில் பார்க்கிற கண் அதை மட்டும் மேலிருந்து பார்ப்பதால், குளம் தரையில் விரித்த பாய்போலத் தட்டையாகக் கிடக்கிறது. எருதுக்கு அப்பால் ஒரு மனிதன் முழங்கால் மடக்கி, கையிலுள்ள கோலை முன்னே நீட்டி நிற்கிறான். அவனுக்கு எதிரே வண்ணமே தீட்டாத வெறுந்துணி. பின்புலத்தில் இலையுதிர்ந்த கிளுவை வேலி. மேலே இடது மூலையில் ஒரு ராசிக்கட்டம்.

இந்த ஓவியத்தைப் பார்த்தவர்கள் இத்தனை ஆண்டுகளில் இதற்குள் கண்டுபிடித்த குறியீடுகளைச் சேர்த்தால் ஒரு சிறு அகராதி தேறும். அவற்றில் சிலவற்றை நான் அறிந்தே வைத்தேன். சிலவற்றைக் காலம் வைத்தது. சிலவற்றை அன்றைய அரசியல் கொண்டுவந்து ஒட்டியது. இவற்றை ஒரே தட்டில் வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பொருள் தான் இயங்கும் முறையாலேயே ஒன்றைச் சொல்வது வேறு, அதன்மேல் நாம் ஒன்றை ஏற்றிச் சொல்வது வேறு என்பதே இந்தப் பழைய ஓவியத்தின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்குப் படுவது. அந்த வேறுபாட்டை ஓவியத்தின் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் துணி. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படிப்பை முடித்துக் காங்கயம் பக்கத்திலுள்ள ஊருக்குத் திரும்பியிருந்த எனக்கு, சென்னைக் கடைகளில் விற்ற ஓவியத் துணியை வாங்க வசதியில்லை. எங்கள் பக்கம் குறைந்த விலைக்கு வேண்டிய மட்டும் கிடைத்தது காடாத் துணி. சோமனூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறிகளிலிருந்து வெளுக்காமலும் சாயமேற்றாமலும் இறங்கும் அந்தத் துணியில், பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். அதைக் கொதிக்கவைத்து அலசிக் கஞ்சியை எடுத்து, மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வச்சிரப்பசையில் சீமைச்சுண்ணாம்புத் தூளைக் கலந்து பூசினேன். வச்சிரம் மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது. மாட்டை வரைந்த துணிக்கு மாட்டின் தோலே அடித்தளமாக அமைந்திருப்பதைப் பெரிய குறியீடாகக் கொண்டு ஒருவர் பின்னாளில் விரிவாக எழுதினார். தச்சுப் பட்டறையில் அன்று எனக்குக் கிடைத்த பசை அது ஒன்றுதான் என்பதற்கு மேல் அதில் பொருள் எதுவும் இல்லை.

மாடுகளின் நிறத்துக்கு அப்படியல்ல. காங்கயம் மாட்டின் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அந்தச் செம்மை கழன்று சாம்பல் நிறம் ஏறும். காளைக் கன்றானால், வயது ஏற ஏறத் திமிலும் கழுத்தும் முன்சப்பையும் பின்தொடையும் கறுத்துக்கொண்டே வரும். அந்தக் கறுப்பு ஆண்மைச் சுரப்பின் வேலை. ஆகவே காயடித்து ஏருக்கும் வண்டிக்கும் பழக்கிய எருதில் அது வெளிறி, உடல் வெண்சாம்பலாகிவிடும். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பொறுக்கியெடுத்து வளர்த்துப் பெருக்கிய இந்த இனத்தைக் கட்டுத்தரையில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பாடம் கேட்டுத் தெரிய வேண்டிய செய்தி அல்ல. என் ஓவியத்தில் நிற்பவை மூன்று மாடுகள் அல்ல, ஒரே மாட்டின் மூன்று பருவங்கள். பிறந்தது, முற்றியது, அடங்கியது என்ற மூன்று நிலைகளையும் ஒரே தரையில் ஒரே நேரத்தில் நிறுத்தினேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு கடிகாரமோ, தேய்பிறையோ, உதிர்ந்த பூவோ தேவைப்படவில்லை. மாட்டின் தோலே அந்தக் கணக்கைத் தானாக எழுதி வைத்திருந்தது.

செவலைக்குச் சுட்ட சியன்னா என்ற மண் நிறத்தையே பெரும்பாலும் பயன்படுத்தினேன். காளையின் கறுப்புக்குத் தனிக்கறுப்பைத் தொடவில்லை. அந்தச் செம்மண் நிறத்தோடு அல்ட்ராமரீன் நீலத்தைக் குழைத்துக் கறுப்பை வரவழைத்தேன். கன்றின் நிறம் காளையின் கறுப்புக்குள் ஒளிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எருதின் வெண்சாம்பலிலும் அதே இரண்டு நிறங்கள் மிகச் சிறிதளவு வெள்ளையில் கரைந்து கிடக்கின்றன. கிட்டத்தில் நின்று பார்த்தால் மூன்று உடல்களிலும் ஒரே செம்மையின் தடம் தெரியும். ஓவியம் பயில்கிறவர்களைத் தவிர இதை எவரும் கவனித்ததில்லை. கவனிக்காமலே கண் அதை உணர்ந்துவிடும் என்று இப்போதும் நம்புகிறேன்.

முதன்முதலில் இதை ஈரோட்டில் ஒரு கூட்டுக் கண்காட்சியில் வைத்தபோது, பார்த்தவர்கள் உணர்ந்தது வேறொன்று. அந்த ஆண்டு ஜனவரியில்தான் 13 ஆண்டுகளுக்குப் பிறகு திமுக ஆட்சிக்குத் திரும்பியிருந்தது. அந்தத் தேர்தலில் இரட்டை இலை முடங்கி, அதிமுகவின் ஓர் அணி சேவல் சின்னத்திலும் மற்றோர் அணி இரட்டைப்புறா சின்னத்திலும் போட்டியிட்டிருந்தன. சுவரெல்லாம் சின்னமாக இருந்த காலத்தில், அதுவும் பெரியார் பிறந்த ஊரில், கறுப்பையும் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன வாசிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு பொதுவுடைமை, கறுப்பு பகுத்தறிவு, வெள்ளை எருது கட்சியில் சேர்ந்தபின் சோர்ந்துபோன தொண்டன் என்று ஓர் இளைஞர் மிகுந்த ஈடுபாட்டோடு விளக்கினார். இன்னொருவர் மூன்று நிறத்தையும் சேர்த்து எண்ணி, இது அண்ணா திமுக கொடி என்று முடிவுகட்டினார். மூத்த காங்கிரஸ்காரர் ஒருவருக்கு நிறமே பொருட்டாக இல்லை. நுகத்தடி பூட்டிய இரட்டைக்காளைக்கும், 1969-இல் கட்சி பிளந்தபின் இந்திரா காந்தி அணி பெற்ற பசுவுக்கும் கன்றுக்கும் வாக்களித்தவர் அவர். எருதையும் கன்றையும் ஒரே படத்தில் கண்டதும், பிளந்த கட்சி கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு என்னை வாழ்த்திவிட்டுப் போனார்.

இவர்களை நான் குறைசொல்லவில்லை. நிறத்துக்கு வழக்கு தந்த பொருளை அவர்கள் ஒழுங்காகவே வாசித்தார்கள். ஆனால் இத்தகைய வாசிப்பைச் சோதிக்க எனக்கு ஒரு வழி உண்டு: மாடுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூன்று துணிகளைத் தொங்கவிட்டாலும் வாசிப்பு அப்படியே நிற்குமா என்று பார்ப்பேன். நிற்கும் என்றால், அந்த வாசிப்பு மாட்டைத் தொடவே இல்லை. சிவப்பு பொதுவுடைமை என்ற வாசிப்புக்கு மாடு வேண்டியதில்லை. செவலை முற்றிக் கறுத்துப் பின் வெளிறியது என்ற வாசிப்போ மாட்டை எடுத்தால் விழுந்துவிடும்.

அதே கண்காட்சிக்கு, எனக்கு மாமன் முறையாகும் மாட்டுத் தரகர் ஒருவரும் வந்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சந்தையில் மாடு பார்ப்பது போலவே ஓவியத்தின் ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்கி, நடுக்காளையின் முதுகில் வந்து நின்றார். முதுகுத்தண்டின் மேலே மயிர் பிரிந்தோடுவதைக் காட்ட, திமிலுக்குப் பின்னிருந்து வாலை நோக்கி ஈரத்தூரிகையால் ஒரே இழுப்பாக இழுத்திருந்தேன்.

“ஏங்கண்ணு, காளைக்கு எறங்குபூரான வெச்சிருக்கறயே, இத ஆரு கட்டுத்தரைல கட்டுவாங்க?”

“அது சும்மா, தூரிகை போன போக்குங்க மாமா.”

“சுழில சும்மாங்கறது ஏது கண்ணு? போன திக்குத்தான் சுழியே.”

மாடு பிடிப்பவர்கள் சுழி பார்ப்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். மாட்டின் உடலில் மயிர் எங்கே சுழிக்கிறது, எத்தனை சுழி, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கொண்டு அந்த மாடு கட்டுகிற வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வார்கள். கோபுரச்சுழி, லட்சுமிச்சுழி, நீர்ச்சுழி முதலியவை ஆகும். பாடைச்சுழி, துடைப்பச்சுழி முதலியவை ஆகா. முதுகில் பூரான்போல் ஓடும் மயிர்க்கோடு தலையை நோக்கி ஏறினால் ஏறுபூரான், அது நல்லது. வாலை நோக்கி இறங்கினால் இறங்குபூரான், குடியை இறக்கும் என்பார்கள். எலும்பும் பல்லும் நடையும் எவ்வளவு சரியாக இருந்தாலும், சுழி சரியில்லாத மாட்டின் விலை சரியும். சுழியில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே வழக்கல்ல. நான் வியந்தது அந்த வாசிப்பின் கறாரை. கல்லூரியில் எங்கள் கோடுகளுக்கு ஆசிரியர்கள் ‘துடிப்பு’, ‘ஓட்டம்’ என்று பெயர்சூட்டினார்கள். எந்தத் திசையில் ஓடினாலும் அது ஓட்டம்தான். ஒரு கோடு எந்தத் திசையில் போகிறது என்பதால் அதன் பொருள் தலைகீழாகும் என்று எனக்குச் சொன்ன முதல் கலைவிமர்சகர் அந்தத் தரகர்.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் துண்டுக்குள் விலை பேசுவது தெரிந்திருக்கும். வாங்குபவர் கையும் விற்பவர் கையும் ஒரு துண்டுக்கடியில் கோத்திருக்க, விரலைப் பிடிப்பதும் மடக்குவதும் அழுத்துவதுமே தொகையைச் சொல்லும். சுற்றி நிற்பவர்கள் முகத்தைத்தான் பார்க்க முடியும். அங்கே ஒரு குறியைத் தவறாக வாசித்தவன் பணத்தை இழப்பான். அந்த அச்சமே வாசிப்பைக் கூர்மையாக்கி வைத்திருக்கிறது. ஓவியத்தைத் தவறாக வாசிப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. கூடுதலாக ஒரு பாராட்டும் கிடைக்கக்கூடும். எங்கள் பக்கத்துக் கோயில்களில் வைக்கும் உருவாரத்தையும் இதோடு சேர்த்தே நினைக்கிறேன். நோயுற்ற மாடு தேறினால் மண்ணில் ஒரு மாட்டைக் குயவரிடம் செய்யச் சொல்லிக் கொண்டுபோய் வைப்பார்கள். அது ‘மாடு’ என்ற பொதுக்கருத்தைக் குறிப்பதில்லை. இன்னார் பட்டியில் இன்ன நோயில் விழுந்து எழுந்த இன்ன மாட்டுக்காக வைத்தது அது. வைத்தபின் மழையில் கரைந்தாலும் கால் உடைந்தாலும் யாரும் செப்பனிடுவதில்லை, ஏனெனில் அதன் வேலை முடிந்துவிட்டது.

இனி அந்த மனிதன். அவன் நிற்கும் நிலையைப் புலிகுத்திக்கல்லிலிருந்து எடுத்தேன். மாட்டையோ ஊரையோ காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கு நட்ட கல், கொங்கு நாட்டில் ஊர்க்கோயில் ஓரங்களிலும் காட்டு வரப்புகளிலும் இன்றும் நிற்கிறது. கல்லில் வீரனின் கொண்டை ஒருபக்கம் சரிந்திருக்கும். முழங்கால் சற்று மடங்கியிருக்கும். புலி பின்னங்கால்களில் எழுந்து அவன் உயரத்துக்கு நிற்கும். ஈட்டியோ வாளோ அதன் உடலில் பாய்ந்திருக்கும். எழுத்தில்லாத கல்லிலும் இவ்வளவும் தெளிவாகத் தெரியும், ஏனெனில் அந்தக் கல்லின் கடமை அவன் எப்படி மாண்டான் என்பதை அவனுடைய கால்வழியினருக்குச் சொல்வது. நான் வீரனை எடுத்துக்கொண்டு புலியை விட்டுவிட்டேன். அந்த இடத்தில் வண்ணம் மட்டுமன்றிப் பசையும் சுண்ணாம்பும்கூடப் பூசாமல் காடாத் துணியையே விட்டேன்.

ஓவியத்தில் மிகுதியாகப் பாராட்டப்பட்ட பகுதி இதுதான். அந்த வெறுமையில் வறட்சியைக் கண்டவர்கள் உண்டு; கந்துவட்டிக்காரரை, மில் முதலாளியை, சாதியை, அரசை, சாவைக் கண்டவர்களும் உண்டு. இருபத்து மூன்று வயதில் அந்தப் பட்டியல் எனக்கு மகிழ்ச்சியளித்தது. இப்போது பார்க்கையில், ஓவியத்திலேயே மிக மலிவான குறியீடு அதுவென்று தோன்றுகிறது. எதை வைத்தாலும் பொருந்துகிற இடம் எதையும் மறுப்பதில்லை. மறுக்கத் தெரியாத ஒன்றிடம் நாம் நம் எண்ணத்தையே கேட்டுவிட்டு, அது சொன்னதாக நினைத்துக்கொள்கிறோம். கல்தச்சன் புலியை விட்டிருந்தால் அந்தக் கல் யாருடையது என்றே ஆகியிருக்காது. கண்காட்சிகளில் வெற்றிடத்தின் ஆழத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்தப் புலியில்லாத மூலை நினைவுக்கு வருகிறது, சற்றே எரிச்சலோடு. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பூச்சில்லாத பருத்தித் துணி முப்பது ஆண்டுக் காற்றிலும் வெளிச்சத்திலும் பழுத்து மஞ்சள் பாரித்திருக்கிறது. மனிதனின் உருவத்திலிருந்து ஊறிய ஆளிவிதை எண்ணெய் ஓரங்களில் பழுப்புத் திட்டுகளாகப் பரவியிருக்கிறது. மஞ்சளில் பழுப்பு. புலி மெல்ல வந்துகொண்டிருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேலிசெய்தார்.

ராசிக்கட்டம் அன்றைய காற்றில் இருந்தது. கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் எழுத்தையும் கட்டங்களையும் கணக்குக் குறிகளையும் ஓவியத்தின் உடலாகவே ஆக்கியிருந்தார். வாசிக்க முடியாத எழுத்துகளை அவர் வரைந்ததற்கு அவருக்குக் காரணங்கள் இருந்தன. அவருக்குப்பின் வந்த எங்களில் பலருக்கு அது ஒரு தலைமுறை வழக்கமாகவே கையில் வந்து சேர்ந்தது. என் கட்டத்துக்குள் கிறுக்கியிருக்கும் எழுத்துகளை ஒருவர் அழித்துவிட்டால் ஓவியத்துக்கு எந்த நட்டமும் வராது. கட்டத்தை அழித்தால் வரும். நம் ராசிக்கட்டத்தில் பன்னிரண்டு வீடுகள் ஓரத்தைச் சுற்றி வர, நடுச்சதுரம் ஒன்றுமெழுதாமல் நிற்கிறது. கீழே உள்ள குளமும் கரைசூழ்ந்த ஒரு சதுரம். பார்வை மேலேயிருந்து கீழே வந்து சேர அந்த ஒப்புமை ஒரு படிபோல் உதவுகிறது. மேலும், கட்டம் மனிதருக்கு எழுதுவது. மாட்டுக்கு யாரும் சாதகம் கணிப்பதில்லை, சுழிதான் பார்க்கிறார்கள். கட்டத்தையும் முதுகுக்கோட்டையும் ஒரே படத்தில் வைத்தபோது இதை நான் எண்ணவில்லை. தரகர் பேசியபிறகே இரண்டும் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கின.

கிளுவை வேலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முள்ளும் கொம்புமாய் நிற்பதால் அதைச் சோகம் என்கிறார்கள். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தின் வேலியில் கிளுவை கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்பதும், மழை கண்டவுடன் துளிர்ப்பதும் அதன் இயல்பு. உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் அப்படியே மழைக்குக் காத்திருக்கும். இலையில்லாத கிளுவை ஒரு மாதத்தின் பெயர், அவ்வளவுதான். தையில் கட்டும் குளத்தையும் சித்திரை வேலியையும் ஒரே படத்தில் வைத்தது, மூன்று வயதையும் ஒன்றாக நிறுத்தியதோடு ஒத்துப்போகிறது.

அந்தக் குளத்துக்கு வருகிறேன். மாட்டுப்பொங்கலன்று எங்கள் பக்கம் வைப்பது பட்டிப்பொங்கல். பட்டிக்குள் சாணத்தால் கரைகட்டிச் சதுரமாகத் தெப்பக்குளம் அமைத்து, நீர் விட்டு, பாலும் சேர்த்து, காப்புக்கட்டிய ஆவாரம்பூ, பூளைப்பூ போன்ற பூக்களை இட்டு வழிபடுவார்கள். பட்டி பெருக வேண்டும், பால் பானை பொங்க வேண்டும், நோயும் நொடியும் தெருவோடு போக வேண்டும் என்று குரல்கொடுத்தபடி மாட்டை ஓட்டிவந்து அந்தக் குளத்தை மிதிக்கவைப்பார்கள். கட்டியதே மிதிப்பதற்காகத்தான், கரை கலைவதில்தான் சடங்கு நிறைவேறுகிறது. என் ஓவியத்தில் குளம் கலையாமல் இருக்கிறது. கன்றும் காளையும் எருதும் கரையில் நிற்கின்றன, எதுவும் கால் வைக்கவில்லை. நான் அறிந்து வைத்தவற்றுள் இன்றும் எனக்கு நிறைவு தருவது இந்த ஓர் அமைப்பு. கன்று மிதித்தால் அது தொடக்கம். காளை மிதித்தால் அது பெருக்கம். எருது மிதித்தால் என்னவாகும் என்ற கேள்வி அந்தச் சடங்கை அறிந்தவருக்கு மட்டுமே எழும், ஏனெனில் பட்டி பெருக வேண்டும் என்ற வாக்கு எருதால் நிறைவேற முடியாதது. சடங்கை அறியாதவருக்கு அது மூன்று மாடுகள் தண்ணீர் குடிக்க வந்த காட்சி. அப்படிப் பார்ப்பதிலும் தவறில்லை. ஆனால் மேலே சொன்ன சோதனைக்கு இந்தக் குளம் நின்று தாக்குப்பிடிக்கிறது. சாணக்கரையை எடுத்துவிட்டு ஏரியோ கிணறோ வைத்தால் எல்லாமே போய்விடும்.

குளத்துநீரைப் பால்கலந்த வெண்மையாகக் காட்டத் துத்தநாக வெள்ளையைத் தாராளமாகப் பூசியிருந்தேன். டைட்டானியம் வெள்ளையைவிட அதன் ஒளியூடுருவும் குளிர்ந்த வெண்மை எனக்குப் பிடித்திருந்தது. துத்தநாக வெள்ளை எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு வினைபுரிந்து நாளடைவில் சோப்பு போன்ற சேர்மங்களாக மாறி, பூச்சை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். இப்போது குளம் முழுக்க வெடிப்பு. ஓவியத்தின் மற்ற பகுதிகள் நன்றாக இருக்க, நீர் மட்டும் வற்றிய ஏரித்தரை போலப் பாளம்பாளமாகப் பிளந்து கிடக்கிறது. இப்போது பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் காண்பது அதைத்தான். அது நொய்யல் ஆறு என்கிறார்கள். கரையோரம் சாணத்துக்காக வைத்த பச்சைப் பழுப்பைச் சாயக்கழிவு என்கிறார்கள். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்தது 1992-இல்; பாசனத்துக்கென்று கட்டிய அது திருப்பூர்ச் சாயநீர் தேங்கும் இடமாகி, கீழேயுள்ள காடுதோட்டங்களைக் கெடுத்தது. கழிவுநீரை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2011 ஜனவரியில். ஓவியம் முடிந்ததோ இவற்றுக்கெல்லாம் முன்னால்.

இந்த வாசிப்பை மறுக்க எனக்கு மனம் வரவில்லை, அதற்குக் காரணம் அது என்னைத் தீர்க்கதரிசியாக்குவது அல்ல. வெடிப்பு உண்மையான வெடிப்பு. கலந்த பொருளின் இயல்பால், அதற்கே உரிய வேகத்தில், யாரையும் கேட்காமல் வந்தது. ஆற்றைக் கெடுத்ததும் அப்படியே, கலந்த பொருள் தன் இயல்பைக் காட்டியதுதான். காலியாக விட்ட புலியின் இடத்தில் பார்ப்பவர்கள் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைக்கிறார்கள். வெடித்த குளத்திலோ அவர்கள் கண்டதற்குக் குளம் ஒரு காரணம் தருகிறது. அணிந்துரை எழுதும் நண்பர்களுக்கு இந்த வேறுபாடு மயிர்பிளப்பதாகத் தோன்றலாம். எனக்கு ஓவியத் தொழிலே இதற்குள்தான் இருக்கிறது.

2017-க்குப் பிறகு நடுக்காளைக்கு வந்த வாழ்வு தனிக்கதை. ஜல்லிக்கட்டுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடைக்கு எதிராக 2017 ஜனவரியில் மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் மக்கள் திரண்டபின், காங்கயம் காளை தமிழ் வீரத்தின் அடையாளமாகக் கார்களின் பின்கண்ணாடியில் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஜல்லிக்கட்டைவிட ரேக்ளாப் பந்தயமே பெருவழக்கு. காங்கயம் மாட்டைப் பெருக்கியவர்கள் அதைப் பாரம் இழுக்கவும் கவலை ஓட்டிக் கிணற்றுநீர் இறைக்கவும் காட்டை உழவுமே பெருக்கினார்கள். அந்த இனத்தின் பெருமை முரட்டுத்தனத்தில் இல்லை, கல்லும் மேடுமான நிலத்தில் குறைந்த தீனியைத் தின்று நாளெல்லாம் உழைப்பதில் இருக்கிறது. திருப்பூரில் பனியன் அச்சிடும் ஒருவர் என் காளையை மட்டும் தனியே வெட்டியெடுத்துச் சட்டையில் போட அனுமதி கேட்டு வந்தார். நல்ல மனிதர், தருவதாகச் சொன்ன பணமும் எனக்கு அப்போது தேவைப்பட்டது. மூன்றையும் போடுவதானால் போடுங்கள் என்றேன். கன்று வேண்டுமானால் இருக்கட்டும், அந்த வெள்ளை மாடு எதற்கு என்று கேட்டார். அதே காளைதான் அது என்று விளக்கினேன். அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது, எருதை யாரும் சட்டையில் அணியப்போவதில்லை என்பது இருவருக்கும் ஒருசேரப் புரிந்தது. அடையாளமாக்குவதற்குக் கறுத்த திமில் வேண்டும். அந்தக் கறுப்பு நிலைக்காது என்ற செய்தி வேண்டாம். படத்தை வெட்டிக் கொடுக்க நான் ஒப்பவில்லை.

இதுவரை நான் பேசிய கணக்குக்குள் வராதது ஒன்று இருக்கிறது. அதை என் அம்மாதான் கேட்டார். ஓவியத்தின் முன் நாற்காலியில் அமர்ந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “பட்டீன்னு பேரு வெச்சுப்போட்டு ஒரு கறவ மாட்டக் காணமே கண்ணு” என்றார். பட்டியில் பெரும்பங்கு பசுக்கள்தாம். பட்டி பெருகுவதும் அவற்றால்தான். காங்கயம் பசு பாலுக்குப் பேர்போனதல்ல, கன்று குடித்ததுபோக வீட்டுக்குச் சிறிதளவே கிடைக்கும். அந்தச் சிறிதளவையும் விடிவதற்கு முன் எழுந்து கறந்தவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். சாணம் அள்ளிக் குளத்துக்குக் கரைகட்டியவர்களும் அவர்களே. நிறத்தால் வாழ்க்கையைச் சொல்வது என்று நான் முடிவுசெய்த அன்றே பசு வெளியே நின்றுவிட்டது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. செவலைக் கிடாரி சாம்பலாகி வெண்மையானபின் பெரிதாக மாறுவதில்லை. அவள் எத்தனை கன்று ஈன்றாள், எதைப் பறிகொடுத்தாள் என்பதைத் தோல் காட்டுவதில்லை. மாட்டின் தோல் தானாக எழுதும் கணக்கு என்று நான் மெச்சிக்கொண்டது, காளையின் கணக்கை மட்டுமே எழுதுகிற ஒன்று. இயங்கும் முறையாலேயே பொருள் சொல்லும் குறியீடு என்று எதைச் சொன்னாலும், அது எந்த இயக்கத்தைப் பதிவுசெய்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

குளத்தில் பால் இருப்பதால் பசுவும் ஓவியத்தில் இருக்கிறது என்று வாதாட வழியுண்டு. ஒரு கட்டுரையாளர் அப்படி எழுதியும் இருக்கிறார், நன்றாகவே எழுதியிருக்கிறார். அதை அம்மாவிடம் வாசித்துக்காட்டினேன். “பாலு கொளத்துலயா சொரந்துச்சு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பின்னால் வரைந்த கொறங்காட்டு வரிசையில் பசுக்கள் நிறைய உண்டு. அவற்றின் நிறத்தை எப்படிக் கையாண்டேன் என்பது வேறு பேச்சு, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.